தின்னாமல் ஏறிய நிறை

என் நிறை எத்தனை கிலோ என்று தெரியாதவர்கள் எங்கள் ஒழுங்கையில் இல்லை. கொக்குவிலில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு ரயில் கடவை வரை நடந்தால், வழியில் ஏதாவது ஒரு மதிலுக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்து, "அண்ணை, இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்கும். கிரிக்கெட்டில் எத்தனை விக்கெட் போய்விட்டது என்று கேட்கிற அதே குரல். முன்பெல்லாம் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இப்போது சொல்லிவிட்டு நடக்கிறேன். கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

நான் தையற்காரன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் இடுப்பை அளந்தவன். கலியாண மாப்பிள்ளை கடைக்குள் நுழையும்போதே எவ்வளவு துணி வேண்டும் என்று கண்ணால் கணக்குப் போட்டுவிடுவேன். என் இடுப்பை மட்டும் நான் அளந்ததில்லை. கால்சட்டை போடுகிறவனுக்கு இடுப்புப் பொத்தான், எங்கள் தெறி, பூட்ட முடியாமல் போகும்போதாவது உறைக்கும். சாரம் கட்டுகிறவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. எவ்வளவு வயிறு வந்தாலும் சாரம் இடம் கொடுக்கும். அப்படியே நானும் பெருத்துக்கொண்டு போனேன். ஊரில் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "நல்லாயிருக்கிறியள்" என்றுதான் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒருவன் நன்றாக இருக்கிறான் என்றால் மொத்தமாக இருக்கிறான் என்று பொருள்.

மாரடைப்பு வந்தது கடையில், பள்ளிக்கூடச் சீருடைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது. நெஞ்சை யாரோ முழங்காலால் அழுத்துவதுபோல இருந்தது. வாய்வு என்று நினைத்தேன். நெஞ்சு நொந்தால் எங்களுக்கு முதலில் வாய்வுதான். சோடாவும் உள்ளிக் கஷாயமும் கேட்காவிட்டால்தான் மற்ற யோசனையெல்லாம் வரும். சோடாவைக் குடித்துவிட்டு, ஏவறை வருகிறதா என்று பார்த்தபடி மத்தியானம் முழுக்கக் கதிரையில் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருதயத்தில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. அடைப்பை எடுத்து என்னைக் காப்பாற்றியதே பெரிய காரியம். செத்த பகுதியை யாராலும் திருப்பித் தர முடியாது.

வீட்டுக்கு விடுகிற அன்று டொக்டர் என்னையும் மனைவியையும் கூப்பிட்டு இருத்தினார். என் மகளின் வயதிருக்கும் அந்தப் பிள்ளைக்கு. குரலை உயர்த்தாமல் கதைத்தார்.

"ஐயா, உங்களைப் பயப்படுத்தச் சொல்லேல்லை. இருதயத்திலை ஒரு தழும்பு விழுந்திட்டுது. முந்தின பலம் அதுக்கு இல்லை. அந்தப் பலமில்லாத இருதயம்தான் இவ்வளவு பெரிய உடம்பையும் சுமக்க வேணும். உங்களை மாதிரி நிறை கூடின ஆக்களுக்குச் சிலவேளை துடிப்புக் குழம்பி, திடீரெண்டு நிண்டு போகும். வருத்தம் ஒண்டும் காட்டாமலே நடக்கும். அதாலைதான் நிறையைக் குறையுங்கோ எண்டு சொல்லுறன். ஒவ்வொரு நாளும் காலமை நிறை பாருங்கோ. ரெண்டு மூண்டு நாளுக்குள்ளை சடாரெண்டு கூடினால் உடனை வந்து காட்டுங்கோ."

நான் தலையாட்டினேன். மனைவி தலையாட்டவில்லை. அவள் "திடீரெண்டு" என்ற சொல்லோடு நின்றுவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பின்னால் டொக்டர் சொன்ன எதுவும் அவளுக்குச் சரியாக ஏறவில்லை. எனக்கும்தான்.

அந்தச் சொல் அவளைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுக்காரர், என்னைப்போலவே மொத்தமான மனிதர், அவருக்கும் மாரடைப்பு வந்து தப்பி வந்தவர், ஒருநாள் பின்னேரம் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபடியே போய்விட்டார். கோப்பை கூட விழவில்லையாம். செத்த வீட்டில் எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள். "குடுத்து வைச்ச மனுசன். படுக்காமல், பாயிலை கிடக்காமல், ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் போயிட்டார்." நானும் அன்றைக்கு அதைச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த மனிதரின் மனைவி மட்டும் சொல்லவில்லை. அவ அந்தத் தேத்தண்ணியில் சீனி போட்டேனா இல்லையா என்றே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தா. அதைப் பக்கத்தில் இருந்து கேட்டவள் என் மனைவி.

எனக்கு மாரடைப்பு வந்த பிறகும் நாலு பேர் வந்து அதே கதையை எடுத்தார்கள். நல்ல சாவு, லேசான சாவு என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒரு சிநேகிதன் பகிடியாக, "உன்ரை பாடையைக் காவ இந்த ஊரிலை ஆக்கள் இல்லையடா. பெடியள் எல்லாம் வெளிநாட்டிலை. எங்களுக்கு நாரி நோ, குனிஞ்சு தூக்க ஏலாது. அதுக்காகவெண்டாலும் கொஞ்சம் மெலி" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனைவி குசினிக்குள் போய், அவன் போகும்வரைக்கும் வெளியே வரவில்லை.

மறுநாளே கனடாவில் இருக்கும் மகளுக்குச் சொல்லி நிறை பார்க்கும் மெசின் ஒன்றை வாங்க ஏற்பாடு செய்தாள். அது சாமியறை வாசலுக்குப் பக்கத்தில் வந்து குடியேறியது. விடிய முகம் கழுவி, விபூதி பூசி, அதில் ஏறி நிற்க வேண்டும். அவள் குனிந்து இலக்கத்தைப் பார்ப்பாள். எனக்கு வயிறு மறைக்கும்.

சாப்பாடு மாறியது. தேங்காய் நின்றது. இடியப்பத்துக்குப் பாற்சொதி நின்றது. சோறு கைப்பிடி அளவுக்கு வந்தது. பாணுக்குப் பட்டர் இல்லை, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. குரக்கன் புட்டு என்று ஒன்று தந்தாள், தேங்காய்ப் பூ இல்லாமல். அதைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் என் கஷ்டம் விளங்கும். இது போதாதென்று ஊரையும் காவலுக்கு வைத்தாள். தேத்தண்ணிக் கடைக்காரர், கோயில் மடப்பள்ளியில் நிற்கிறவர், ரோல்ஸ் விற்கிற பேக்கரிக்காரர் எல்லோரும் அவளுடைய ஆட்கள்.

ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் உழுந்து வடை பொரித்துப் போடுகிற வாசம் என்னைப் பிடித்து இழுத்தது. கடைக்காரர் உள்ளே போன நேரம் பார்த்து ஒரு வடையை எடுத்து, காசைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு, மதிலோரம் நின்று தின்றேன். நான் வீட்டுப் படலைக்கு வருமுன்னரே செய்தி வந்துவிட்டது. அன்றைக்கு அவள் என்னோடு கதைக்கவில்லை. இன்னொரு நாள் கோயில் அன்னதானத்தில் பிடிபட்டேன். இந்த இரண்டோடு என் பெயர் கெட்டுவிட்டது. என் வாயை நம்பக்கூடாது என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

ஆனாலும் நிறை இறங்கத்தான் செய்தது. இறங்க இறங்க அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஊரார் முகத்தில் அது போனது. "என்ன அண்ணை இப்பிடி வத்திப் போனியள்? சீனி வருத்தமோ? வேறை ஏதும் பரிசோதிச்சுப் பாத்தனீங்களோ?" மகள் வீடியோவில் என்னைப் பார்த்து அழுதாள். "அம்மா, அப்பாவைப் பட்டினி போடுறியளோ?" மனைவி போனைத் திருப்பி வைத்துவிட்டு, என்னைப் பார்த்தாள். "எல்லாருக்கும் நீங்கள் மொத்தமாய்ச் செத்தால் சரி" என்றாள். அவள் களைத்துப்போயிருந்தாள். 

எனக்கு உண்மையிலேயே பசித்தது. அவளுக்கும் அது தெரியும். கொழும்புத்துறையில் இருக்கிற அவளுடைய அக்கா நல்ல கருவாடு அனுப்புவா. கருவாட்டில் கொழுப்பு இல்லைதானே என்று அதைச் சுட்டுத் தந்தாள். தேங்காய்க்குப் பதிலாக மோர்மிளகாய் வந்தது. பின்னேரங்களில் வயிறு நிரம்பட்டும் என்று பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சினாள். நண்டும் மீனும் போட்டு, புளியும் உறைப்பும் உப்பும் சரியாக நிற்கிற கூழ். சோறு இல்லை, எண்ணெய் இல்லை, தேங்காய் இல்லை. எவ்வளவும் குடிக்கலாம் என்றாள். அந்தக் கூழைக் குடிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். தாகம் எடுக்கும். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பேன். தண்ணீர் நல்லதுதானே என்று அதையும் அவள் ஊற்றித் தருவாள்.

பிறகு ஒரு காலமை மெசினில் ஏறினேன். அவள் குனிந்து பார்த்தாள். மறுபடியும் இறங்கி ஏறச் சொன்னாள்.

"என்னத்தைத் திண்டனீங்கள்?"

"நான் ஒண்டும் தின்னேல்லையப்பா."

"அப்ப காத்துக் குடிச்சோ ஏறினது?"

"பிள்ளையாராணை, ஒண்டும் தின்னேல்லை."

"சாமியை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறியள்?"

அடுத்த நாள் இன்னும் கூடியிருந்தது. அதற்கடுத்த நாளும். அவள் தேத்தண்ணிக் கடைக்காரருக்குப் போன் எடுத்துக் கேட்டாள். அவர் காணவில்லை என்றார். மடப்பள்ளிக்காரரும் காணவில்லை என்றார். அவள் நம்பவில்லை. ஊரே சேர்ந்து என்னைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தாள். என் சாரத்து மடிப்பை முகர்ந்து பார்த்தாள். கடையில் நான் துணி வைக்கிற அலுமாரியைக் கூட வந்து திறந்து பார்த்தாள். தையற்காரனின் அலுமாரியில் வடை தேடிய பெண்சாதி உலகத்திலேயே இவள் ஒருத்திதான். அதைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தேன், மூச்சு வாங்கியது.

இவ்வளவு காலம் திருடித் தின்ற எனக்கு, தின்னாத பழியைத் தாங்க முடியவில்லை. ஏதாவது தின்றிருந்தாலாவது நியாயம். "இனி உண்மையாவே போய்த் தின்னப்போறன். அப்பவாவது ஏச்சுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்" என்று கத்தினேன். "போய்த் தின்னுங்கோ. திண்டிட்டுக் கடைசி வீட்டுக்காரர் மாதிரிக் கதிரையிலை போய்க் கிடவுங்கோ" என்று அவளும் கத்தினாள். ரயில் கடவைப் பக்கமாக யாரோ சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கிளினிக் நாள் வந்தது. நான் சேட் போட்டுக்கொண்டு நின்றேன். அவள் வெளிக்கிடவில்லை.

"இந்த நிறையோடை என்ன முகத்தோடை போறது? டொக்டர் பிள்ளை என்னைத்தான் கேக்கும். நாலு நாள் போகட்டும். கொஞ்சம் இறக்கிப்போட்டுப் போவம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. வீட்டுக்கு விருந்தாளி வருமுன்னர் முற்றத்தைக் கூட்டி வைக்கிற ஆட்கள் நாங்கள். டொக்டரிடம் போகவும் நிறையைக் கூட்டித் துடைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்று இருந்துவிட்டோம். மருந்துக் குளிசை முடியவில்லை, இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். கூடினால் உடனே வா என்று சொன்னதை, கூடினால் வந்து ஏச்சு வாங்கு என்று இருவருமே விளங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த நாலு நாளும் அவள் சோற்றை முற்றாக நிறுத்தினாள். கூழ் மட்டும் தந்தாள்.

முதலில் செருப்பு இறுகியது. பழைய செருப்பு எப்படிச் சுருங்கும் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்னேரம் கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாக நிற்கும். மத்தியானம் சரிந்து படுக்க முடியவில்லை. படுத்தால் யாரோ நெஞ்சுக்குள் தண்ணீர் ஊற்றுவதுபோல இருக்கும். எழுந்து கதிரையில் இருந்தால் சுகம். கதிரையில் இருந்தபடி கண்ணயர்ந்த என்னை ஒரு பின்னேரம் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். விழித்துப் பார்த்தேன். அவளுடைய முகத்தில் இரத்தமே இல்லை. கையில் எனக்குக் கொண்டுவந்த தேத்தண்ணிக் கோப்பை இருந்தது.

"ஏன் கதிரையிலை நித்திரை கொள்ளுறியள்?"

"படுக்க ஏலாமல் கிடக்கு."

அவள் கோப்பையை நிலத்தில் வைத்தாள். முற்றத்துக்குப் போய் ஆட்டோக்காரருக்குக் குரல் கொடுத்தாள். நிறை இறங்கியதா என்று பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த டொக்டர் பிள்ளை என் முகத்தைப் பார்த்ததும் மெசினைத் தேடவில்லை. சாரத்தைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி, கணைக்காலில் கைப் பெருவிரலால் அழுத்தி எடுத்தார். புட்டு மாவில் விரல் வைத்ததுபோலக் குழி அப்படியே நின்றது. நாங்கள் மூன்று பேரும் அந்தக் குழியைப் பார்த்தோம்.

"உது சாப்பிட்டு ஏறின நிறை இல்லை ஐயா. தண்ணி. இருதயம் இறைக்க ஏலாமல் காலிலையும் நெஞ்சுக்குள்ளையும் தேங்கி நிக்குது. எத்தினை நாளாய்க் கூடுது?"

 கிளினிக் நாளுக்கு முந்தியே தொடங்கிவிட்டது என்று நான்தான் சொன்னேன்.

"உப்பு குறைச்சனீங்களோ அம்மா?"

"ஓம் டொக்டர். கறிக்கு அரைவாசி உப்புத்தான் போடுறனான்" என்றாள். பிறகு, கேட்காமலே, மெல்லச் சொன்னாள். "கருவாடு குடுத்தனான். மோர்மிளகாய் குடுத்தனான். ஒவ்வொரு பின்னேரமும் கூழ் குடுத்தனான்."

டொக்டர் ஏசவில்லை. அவளுடைய கையைப் பிடித்து, இனி அவை வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதைவிட ஏசியிருக்கலாம். எங்கள் வீட்டில் உப்பு என்றால் உப்புப் போத்தலில் இருப்பது. கருவாடு கருவாடுதான், மோர்மிளகாய் மோர்மிளகாய்தான். அவற்றை உப்பென்று யாரும் நினைப்பதில்லை.

வார்ட்டில் ஊசி போட்டார்கள். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் சிறுநீராகப் போனது. நான் மலசலகூடத்துக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

"நீங்கள் உண்மையாவே ஒண்டும் தின்னேல்லை" என்றாள்.

"நான் சொன்னனான்தானே."

"நான்தான் உங்களுக்குக் குடுத்தனான்."

எனக்குள் அதுவரை ஒரு கோபம் இருந்தது. நான் குற்றமில்லாதவன் என்று தெரிகிற நாளில் அவளுக்கு என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று கதிரையில் மூச்சுவாங்க இருந்த நேரங்களில் நல்ல நல்ல சொற்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. "கூழ் நல்லாத்தான் இருந்தது, இஞ்சரும்" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர், எங்கள் வீட்டில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து, எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு சட்டங்கள் மாறின. கருவாடு கொழும்புத்துறைக்கே திரும்பிப் போனது. ஊர்க்காவல் நின்றது. காலமையில் நான் மெசினில் ஏறியதும், அவள் இலக்கத்தைப் பார்த்துவிட்டு, குனிந்தபடியே என் கணைக்காலைப் பெருவிரலால் அழுத்துவாள். குழி விழாவிட்டால் நிமிர்ந்து குசினிக்குப் போவாள்.  பூசைபோல அது தினமும் நடக்கிறது. அந்த விரல் என் காலில் படும்போது எனக்கு ஒருவிதமாக இருக்கும். இவளுக்கு இந்த வேலையை வைத்துவிட்டேனே என்று இருக்கும்.

ஒருநாள் மெசின் நிறையைக் கூடுதலாகக் காட்டியது. அவள் ஏசவில்லை. எழுந்து நின்று, என் சேட்டின் தெறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சின்னக் குரலில் கேட்டாள்.

"கள்ளமாய் ஏதாவது திண்டனீங்களோ? சொல்லுங்கோ. நான் ஏசமாட்டன்."

உண்மையில் தின்றிருந்தேன். முதல்நாள் ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இருந்து, பாயாசம் வரை ஒன்றையும் விடவில்லை. சொன்னேன். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "உண்மையாவோ? வடையும் திண்டனீங்களோ?" என்று திரும்பவும் கேட்டாள். "ரெண்டு" என்றேன். "அப்பாடா" என்றாள். கலியாணம் முடித்த காலத்திலிருந்து நான் தின்றதைக் கேட்டு அவள் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு கரண்டி சோறு கூடுதலாகப் போட்டாள்.

போன கிழமை நிறை திரும்பவும் கூடியது. அவள் குனிந்தவள் நிமிர நேரமெடுத்தாள். அவள் அழுத்திய இடத்தில் குழி விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, வயிறு மறைத்தது. நிமிர்ந்து அதே தெறியைப் பிடித்தாள்.

"திண்டனீங்கள்தானே?"

கேள்வியே பாதி கெஞ்சலாக இருந்தது. நான் ஓம் என்று சொல்ல வேண்டும் என்று அவள் கண் என்னைக் கேட்டது. எனக்கும் ஓம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. தேத்தண்ணிக் கடை, வடை, மதிலோரம் என்று ஒரு பொய்யை லேசாகக் கட்டிவிடலாம். நான் அதில் பழையவன். அவள் சிரித்துவிட்டுக் குசினிக்குப் போயிருப்பாள். அந்த ஒரு காலமை நன்றாக இருந்திருக்கும்.

"இல்லையப்பா" என்றேன். "ஒண்டும் தின்னேல்லை."

பிள்ளையாரை நான் இழுக்கவில்லை. அவள் ஆணை கேட்கவும் இல்லை. இந்த முறை என்னை நம்பினாள். தெறியை விட்டுவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஆட்டோவைக் கூப்பிட முற்றத்துக்கு இறங்கினாள்.